செல்வம்மாள் உயிரோடு இருக்கிற விஷயமாக

இரும்புலியூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ரெவரெண்ட் தனராஜ் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ஹெப்சியின் கணவனும், வணிக வரித் துறையில் உழைத்து ஓய்ந்தவனுமாகிய ஞானசிகாமணி பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் இருவரும் சுகம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது; ஹெப்சிக்குக் குரல் கட்டுக்குள் இல்லை. அவ்விடம் தங்கள் முழங்காலும், அக்காவின் கண்ணும், கொல்லை முருங்கையும் சுகமென்று நம்புகிறேன்.

போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மூன்று முறை போன் போட்டேன் மச்சான். மூன்று முறையும் நான் "மச்சான், ஒரு வழக்கு" என்று ஆரம்பித்ததும் தங்கள் தங்கை போனைப் பிடுங்கி, "அண்ணா, அவர் சொல்றதைக் கேக்காதீங்க, நான் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். கடிதத்தைப் பிடுங்க முடியாது. பிடுங்கினாலும் என் கையெழுத்தை அவளால் படிக்க முடியாது. ஆகையால் நடந்ததை நடந்தபடி, எந்தப் பக்கமும் சாயாமல், நான் ஜெயித்தேன் என்பதை மட்டும் தெளிவாக எடுத்துக் காட்டி எழுதுகிறேன். தாங்கள் நாற்பது வருஷம் போதகராக இருந்தவர், குடும்பச் சண்டைகள் எத்தனையோ தீர்த்தவர், இதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

விஷயம் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் ஆரம்பித்தது. வருஷா வருஷம் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் போட்டி வைப்பார்கள், பாடுகிறவர்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள். இந்த முறை எங்கள் செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. பட்டிமன்றம். தலைப்பு: "ஏழையைத் தாங்க வேண்டியது அரசின் வரிப்பணமா, சபையின் கையா?" வரிப்பணத்துக்கு நான், சபையின் கைக்கு ஹெப்சி. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்றால் நாற்காலி போதாது என்று அவர் கணக்குப் போட்டார். நாற்காலி போதவில்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்கு முந்தின வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நான் பட்ட பாடு செயலாளருக்குத் தெரியாது. முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்தவளிடம் பட்டிமன்றத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? காலையில் காபி கேட்டால், "எல்லாம் அரசாங்கம் குடுக்கும்னு சொல்றீங்களே, ஒரு மனு எழுதிப் போடுங்க, பரிசீலிக்கலாம்" என்றாள். சரி, நானும் ஒரு தத்துவத்துக்காக நிற்கிறவன் என்று பேசாமல் நானே காபி போட்டுக் குடித்தேன். அதைக் குடித்த பிறகு என் தத்துவத்தில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது.

அன்று சாயங்காலம் நடுவராக வர வேண்டியவர் பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன். மனுஷர் இந்து, ஆனால் பைபிளில் எங்களைவிடக் கெட்டி, சிரிக்க வைப்பதிலும் பெயர் போனவர். அவர் காரோ தொடர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் மாட்டிப் பெருங்களத்தூரில் நின்றுவிட்டது. நடந்து வந்திருந்தால் கேசரி ஆறுவதற்குள் வந்திருப்பார். "நீங்க ஆரம்பிங்க, நான் போன்லயே கேட்டுட்டு தீர்ப்பு சொல்றேன்" என்றார். செயலாளர் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் பேசப் பேச, அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஹாரனும், "கடலை, கடலை" என்ற சத்தமும்தான் வந்துகொண்டிருந்தன.

நான் பிரமாதமாக ஆரம்பித்தேன் மச்சான். யோசேப்பு எகிப்தில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை அரண்மனைக் களஞ்சியத்துக்கு வாங்கினாரே, அதுதான் உலகத்தின் முதல் வரித்துறை. பஞ்சம் வந்ததும் கதவைத் திறந்து தானியம் கொடுத்தாரே, அதுதான் முதல் ரேஷன் கடை என்றேன். கைதட்டல். தானியத்தை அவர் சும்மா கொடுக்கவில்லை, விற்றார் என்பதை நேரமின்மை காரணமாக விட்டுவிட்டேன். ஆண்டவர் தமக்குச் சீஷர்களைத் தெரிந்தெடுத்தபோது வரி வசூலிக்கிற மத்தேயுவையும் கூப்பிட்டார், அவர் எங்கள் டிபார்ட்மென்ட் ஆள் என்றேன். இன்னும் பெரிய கைதட்டல். ஹெப்சி எழுந்தாள். "எதிரணித் தலைவருக்கு ஒரு சின்ன விஷயம் ஞாபகப்படுத்தறேன். அவர் டிபார்ட்மென்ட்டை விட்டு எழுந்து வந்த அப்புறம்தான் சீஷர் ஆனார்" என்றாள். விசில் அடித்தார்கள் மச்சான். ஆராதனை நடக்கிற வளாகத்தில் விசில். அதோடு விட்டாளா? வரி வசூலிக்கிற சகேயு மரத்திலிருந்து இறங்கினதும் ஜனங்களிடம் பிடுங்கினதைத் தன் கையால் திருப்பிக் கொடுத்தானா, கருவூலம் வழியாகக் கொடுத்தானா என்று கேட்டாள். நான் தண்ணீர் குடித்தேன்.

என் அணியில் இரண்டாவது பேச்சாளர் ஹேமநாத், மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர், நல்ல பையன். அவன் எழுந்து, "எனக்கு சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரி பிடிச்சுடறாங்க. அதாவது நான் தூங்கிட்டு இருக்கும்போதே நல்ல சமாரியன் ஆயிடறேன். இதைவிட வசதியான ஊழியம் உண்டா?" என்றான். ஹெப்சி, "தம்பி, அந்தச் சமாரியன் தூங்கிட்டு இருந்திருந்தா, அடிபட்டவன் இன்னும் ரோட்டுலதான் கிடப்பான்" என்றாள். ஹேமநாத் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவன் எந்த அணி என்பதே அவனுக்கு மறந்துபோய் அவள் பேச்சுக்கெல்லாம் கைதட்டினான்.

இங்கேதான் செல்வம்மாள் வருகிறாள். தங்களுக்குத் தெரியாது; எங்கள் தெரு முனையில் மீன் விற்கிறவள். கோவளம் பக்கத்துக் கடலோரக் குப்பத்து ஆள், இந்து, புருஷன் இல்லை, ஏரிக்கரைப் பக்கம் மகள் வெண்ணிலா வீட்டில் இருக்கிறாள். மருமகன் லோகு விடியற்காலையில் கோவளத்திலிருந்து பைக்கில் மீன் கொண்டுவருவான், இவள் கூவி விற்பாள். பண்டிகைக் கடைகளில் மீன் வறுவல் கடை அவளுடையது. வறுத்து முடித்துவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. நான் என் முடிவுரையில் உருக்கமாக, "நம் தெரு முனையில் மீன் விற்கும் செல்வம்மாளை எண்ணிப் பாருங்கள். அந்த விதவைக்கு மாதா மாதம் முதியோர் உதவித்தொகை தருவது யார்? அரசு!" என்றேன். ஹெப்சி விடவில்லை. "அந்தச் செல்வம்மாள் வீட்டுக்குள்ள போன மழைக்குத் தண்ணி வந்தப்போ போர்வை குடுத்தது யார்? சபை!" என்றாள். நான் அரசு என்றேன், அவள் சபை என்றாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"இன்னாபா இது! நான் இங்கதான குந்திகினு கீறேன்? என்னைப் புடிச்சு ரெண்டு பேரும் இப்படி இழுக்கறீங்க?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. செல்வம்மாள் கையில் கரண்டியோடு நடுவே நடந்து வந்தாள். செயலாளர் பதறிப்போய் மைக்கை நீட்டினார். அது பெரிய தப்பு. செல்வம்மாளுக்கு மைக் தேவையே இல்லை.

"போர்வை குடுத்தாங்கோ, கரெக்ட்டு. நல்ல போர்வ. அத்தோட ஒரு போட்டோ எடுத்தாங்கோ, நான் அத்த புடிச்சுகினு சிரிச்சேன், அதுவும் கரெக்ட்டு. ஆனா சார், நீங்க சொன்னீங்களே கவர்மென்ட்டு துட்டு, அது வந்தே எவ்ளோ மாசம் ஆவுது தெரியுமா? போய்க் கேட்டா நான் செத்துட்டேனாம்!"

"யாரு?" என்றேன்.

"நான்தான் சார்! செத்துட்டேன்னு கம்ப்யூட்டர்ல எழுதிகினு கீறானுங்கோ. எனக்கே சொல்லாம எப்போ தூக்கினானுங்கோன்னு தெரியல."

சிரித்த சிரிப்பில் போனுக்குள் இருந்த நடுவருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. ஒருவழியாக அடங்கியதும், "சரி, இப்போ தீர்ப்பு. ரெண்டு தரப்பு வாதத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, ஏழையைத் தாங்க வேண்டியது" என்று கம்பீரமாக ஆரம்பித்தார், லைன் கட்டாகிவிட்டது. பிரியாணி பரிமாற ஆரம்பித்தார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்புறம் கேட்டால், என்ன தீர்ப்பு சொல்ல இருந்தோம் என்பதை அந்த டிராபிக்கிலேயே மறந்துவிட்டாராம்.

தீர்ப்பு வராததால் வழக்கு வீட்டுக்கு வந்தது. கை கழுவும்போதே நான் சபதம் செய்தேன். "ஹெப்சி, இது அரசாங்கத்தில் நடந்த ஒரு சின்னப் பிழை. நான் போய் ஒரே நாளில் அவளை உயிரோடு கொண்டுவருகிறேன் பார்." அவளும் சபதம் செய்தாள். "அதுக்குள்ள நான் சபை மூலமா அவங்களுக்கு மாசா மாசம் உதவி வாங்கித் தர்றேன், பாருங்க." யாருடைய உதவி முதலில் செல்வம்மாள் கைக்குப் போகிறதோ அவர் வாதம் ஜெயம் என்று பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை நான் இஸ்திரி போட்ட சட்டையோடு செல்வம்மாளை ஆட்டோவில் ஏற்றி அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன், எல்லாம் நம்மவர்கள்தான். அங்கே யக்ஞநாராயணன் என்று ஒரு எழுத்தர். தங்கமான மனுஷர், நாற்காலி போட்டார், மோர் வாங்கிக் கொடுத்தார், கம்ப்யூட்டரைத் தட்டினார், முகம் வாடினார். இரும்புலியூரிலேயே இன்னொரு செல்வம்மாள் இருந்திருக்கிறார், பாவம், அவர்தான் காலமானவர். இறந்தவர் பெயரை அடிக்கப் போய் இருப்பவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

"அப்ப சரி பண்ணிடலாமே சார்? இதோ, இவங்களே எதிரில் இருக்காங்க" என்றேன்.

"நான் பாக்கறேன் சார், நீங்களும் பாக்கறீங்க. ஆனா சிஸ்டம் பாக்கலையே" என்றார். உயிரோடு இருப்பவருக்கு உதவித்தொகை நிறுத்த அவரால் முடியுமாம், இறந்தவருக்குத் திரும்பக் கொடுக்கச் சிஸ்டத்தில் வழியே இல்லையாம். "இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து கேட்டதில்ல சார்" என்றார் மிகவும் வருத்தமாக. மேலதிகாரி உத்தரவு வேண்டும், மேலதிகாரி முகாமில் இருக்கிறார், முகாம் முடிந்தால் மீட்டிங்கில் இருக்கிறார். நான் என் பழைய பதவியைச் சொல்லிப் பார்த்தேன். எழுந்து நின்று வணக்கம் வைத்தார், அவ்வளவுதான். அப்புறமும் பல தடவை போனேன் மச்சான். மோர் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

முதல் நாள் ஆட்டோவில் திரும்பி வரும்போது செல்வம்மாளின் கூவுகிற குரல் இறங்கியிருந்தது. ரயில்வே கேட் தாண்டினதும் சொன்னாள்: "வெண்ணிலா நல்ல பொண்ணுதான் சார். லோகுவும் தங்கம். ஆனாலும் என் மாத்திரைக்கு, வெத்தல பாக்குக்கு மருமவன் கைய எதிர்பாத்துகினு நிக்கறது பேஜாரு சார். அந்தத் துட்டு வந்தா நான் எங்கூட்டுல ராணி மாதிரி இருப்பேன். இப்போ செத்தவளாட்டம்தான் கீறேன். கம்ப்யூட்டர் ஒண்ணும் பொய் சொல்லல." பட்டிமன்றத்தில் அவள் பெயரை நான் எத்தனை சுலபமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் சிரிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஹெப்சியின் கதையைக் கேளுங்கள், அப்போதுதான் தாங்கள் நடுநிலையாக இருக்க முடியும். சபையில் நிவாரணக் கமிட்டி ஒன்று இருக்கிறது, அதில் நிதியும் இருக்கிறது, அது செலவாகாமல் இருப்பதுதான் கமிட்டியின் பெருமை. ஹெப்சி போய்க் கேட்டாள். சந்தா பாக்கியில்லாத அங்கத்தினருக்கு மட்டும்தான் உதவி என்று விதி இருக்கிறதாம். "அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கினவர் முதல்ல சந்தா ரசீதா கேட்டார்?" என்று ஹெப்சி சத்தம் போட்டாள். செயலாளர் பொறுமையாக, "டீச்சர், அவர் தனி ஆள். நாங்க கமிட்டி" என்றார். நான் அன்று வீட்டில் சிரித்ததற்கு இரவு சாப்பாடு தாமதமாக வந்தது.

ஆனாலும் ஹெப்சியை மறுத்துவிட்டு அந்தத் தெருவில் யாராலும் குடியிருக்க முடியாது. கடைசியில் ஒரு உபகமிட்டி போட்டார்கள், செல்வம்மாள் வீட்டுக்கு நேரில் போய் அவள் ஏழைதானா என்று பார்த்து வர. செயலாளரும், பொருளாளரும், இன்னும் இரண்டு பேரும் போனார்கள். செல்வம்மாளுக்கு வீட்டுக்கு ஆள் வந்தால் வெறும் வயிற்றோடு அனுப்பத் தெரியாது. அன்றைக்கு விற்காத மீன் எல்லாவற்றையும் போட்டு ஒரு குழம்பு, வறுவல், நெத்திலித் தொக்கு. உபகமிட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டது. பொருளாளர் மூன்றாவது தடவை சோறு வாங்கினார் என்று வெண்ணிலாவே சொன்னாள். ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து அறிக்கை கொடுத்தார்கள்: "நேரில் விசாரித்ததில் மேற்படியார் வறுமையில் இருப்பதாகத் தெரியவில்லை. சாப்பாடு மிகவும் திருப்தி."

மச்சான், நீங்கள் அன்று ஹெப்சியைப் பார்த்திருக்க வேண்டும். தங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் காது சிவக்குமே, அதே காது. கமிட்டிக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "ஏழை வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அவ ஏழையில்லன்னு எழுதிக் குடுத்த உங்களைவிட அந்த கம்ப்யூட்டரே மேல்! அது அவ மீனைத் தின்னல!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அந்த ஆபீஸ்ல யாரைப் பாக்கணும்?"

நானும் சும்மா இருக்கவில்லை. ஆட்டோவில் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அலுவலகம் போவதோடு மனசு ஆறவில்லை. ஸ்கூட்டரில் ஒரு அரிசிப் பையும் அவள் மாத்திரைகளும் வாங்கி வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். வாங்க மாட்டேன் என்றாள். "நான் பிச்சையா கேட்டேன்?" என்று விரட்டினாள். "அரசாங்கம் தர்ற வரைக்கும் அதுக்குப் பதிலா நான்" என்று இழுத்தேன். "அப்போ நான் மீனு குடுப்பேன், வாங்கிக்கணும். இல்லாட்டி பைய எடுத்துகினு கெளம்பு" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினம் மீன். ஹெப்சி, "ஏங்க, இந்தப் பண்டமாற்றுக்கு வரி உண்டா?" என்று நக்கலாகக் கேட்டாள். பச்சை மீனுக்கு வரி கிடையாது என்று விதிகளோடு விளக்கினேன். பிறகு தெருவில் நாலு வீட்டில் சொன்னேன், அவர்களும் பை கொடுத்தார்கள், ஹேமநாத் பைக்கில் பருப்பு கொண்டுவந்தான். வாங்கிய பையெல்லாம் செல்வம்மாளுக்கு அதிகமாகி, அவளே ஏரிக்கரையில் இன்னும் நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.

கடைசியில் அந்த மேலதிகாரி, ஜெயஸ்ரீ என்று பெயர், பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் குறைதீர் முகாம் நடத்த வந்தார். செல்வம்மாள் உயிரோடிருப்பதற்கு இரண்டு சாட்சி போதும் என்று யக்ஞநாராயணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஹெப்சி சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தையே ஷேர் ஆட்டோக்களில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாரும் சங்கத்தின் ஒரே நிறப் பட்டுச் சேலை. வாசலில் ஒருவர், "பொண்ணு வீட்டுக்காரங்களா? இன்னிக்கு முகூர்த்தம் இல்லியே" என்றார். நடுவில் செல்வம்மாள், ஹெப்சி கட்டிவிட்ட சேலையில், தலை நிறையப் பூவோடு. இறந்தவர் யாரும் இவ்வளவு ஜோராக எங்கும் போயிருக்க மாட்டார்கள்.

வரிசை நகர்ந்து நாங்கள் மேஜைக்கு முன்னால் வந்தோம். நான் பேச வாயைத் திறந்தேன், ஹெப்சி முந்திக்கொண்டாள். அரசாங்கத்தின் கடமை என்ன, வரி எதற்காக வாங்குகிறோம், கட்டுகிறவன் வியர்வையும் கேட்கிறவள் உரிமையும் எப்படி ஒன்று என்று, மச்சான், நான் பட்டிமன்றத்தில் பேசினதையெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை, என்னைவிட நன்றாகப் பேசினாள். யோசேப்பையும் விடவில்லை. ஜெயஸ்ரீ அம்மாள் ஹெப்சியைப் பார்க்கவே இல்லை. செல்வம்மாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க இரும்புலியூர் முனையில மீன் விக்கறவங்கதானே?"

"ஆமா மேடம்."

"போன ஞாயித்துக்கிழமை எனக்கு சங்கரா குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு சாயங்காலமே நாறிடுச்சு. மறுநாள் வந்து உங்களோட சண்டைகூடப் போட்டேன். என்னைப் போட்டு என்ன கிழி கிழிச்சீங்க!"

செல்வம்மாள் உடனே இடுப்பில் கை வைத்தாள். "மேடம், அது எங்க மேல தப்பு இல்ல. அன்னிக்கு ஐஸு சரியில்ல. அத்தோட நீங்க பேரம் பேசினது கொஞ்சமா? அந்த வெலைக்கு அந்த மீனுதான் வரும்!"

ஜெயஸ்ரீ அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் யக்ஞநாராயணன் பக்கம் திரும்பினார். "சார், இவங்க உயிரோடதான் இருக்காங்க. சாட்சி நான். போடுங்க." யக்ஞநாராயணன் தட்டினார், உத்தரவில் கையெழுத்தானது, காபி ஆறுவதற்குள் முடிந்தது. "உயிர் வந்துடுச்சு மேடம்" என்று அவர் எழுந்து நின்று சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நின்ற தொகையும் சேர்த்து வரும் என்றார். பெண்கள் சங்கம் அங்கேயே ஸ்தோத்திரப் பாட்டு ஆரம்பித்தது. பட்டா கேட்க வந்தவர்களும் குடிநீர்க் குழாய் கேட்க வந்தவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். செல்வம்மாள் பதிலுக்கு நல்ல மீனாக ஒன்று கொண்டுவருகிறேன் என்றாள். "ஐயோ அக்கா, அது லஞ்சம் ஆயிடும்" என்று ஜெயஸ்ரீ அம்மாள் பதறினார். கெட்ட சரக்கைத் திரும்பப் பெற்று நல்ல சரக்கு கொடுப்பது விற்பனைத் திருப்பம், லஞ்சம் அல்ல என்று நான் துறை அனுபவத்தோடு எடுத்துச் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை.

நேற்று தொகை வந்துவிட்டது. செல்வம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் முந்தானையிலிருந்து எடுத்துத் தன் மாத்திரையைத் தானே வாங்கிவந்த கதையைச் சொன்னாள். மருந்துக் கடைக்காரர் சில்லறை இல்லை என்றாராம், "எவ்ளோ வேணும், எங்கிட்ட கீது" என்றாளாம். சொல்லும்போது அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு வஞ்சிரம் கொண்டுவந்திருந்தாள், உபகமிட்டியையும் கூப்பிடச் சொன்னாள். அவர்களும் கூச்சத்தோடு வந்தார்கள், கூச்சத்தோடு வந்தாலும் குறைவாகச் சாப்பிடவில்லை. செயலாளர் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் விதியை மாற்றப் போவதாகவும் சொன்னார். அப்போது நான், "பார்த்தாயா ஹெப்சி, கடைசியில் அரசாங்க அதிகாரிதான் அவளுக்கு உயிர் கொடுத்தார், நான் ஜெயித்தேன்" என்றேன். அவள், "அங்க அவங்களைக் கொண்டுபோய் நிறுத்தினது சபைப் பெண்கள். அதுவரைக்கும் அரிசி குடுத்தது தெரு ஜனங்க. நான்தான் ஜெயிச்சேன்" என்றாள். செல்வம்மாளையே கேட்டோம். அவள் முள்ளை எடுத்துக்கொண்டே, "என்னை உயிரோட கொண்டாந்தது அந்த நாறிப்போன சங்கரா சார். ரெண்டு பேரும் சாப்புடுங்கோ, ஆறிடப் போவுது" என்றாள்.

ஆகையால் மச்சான், வழக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. தாங்கள் நன்றாக ஜெபித்து, வரிப்பணமே ஏழையைத் தாங்கும் என்று, அதாவது என் பக்கம், ஒரு தீர்ப்பு எழுதி, தங்கள் கையெழுத்தும் போட்டு அனுப்பினால் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிடுவேன். ஹெப்சியும் தனியாக எழுதுவாள். அதைப் பிரிக்காமல் வைத்துவிடுங்கள்.

தங்கள் முழங்காலில் பெலனும், அக்காவின் கண்ணில் வெளிச்சமும், தங்கள் பாத்திரத்தில் எண்ணெயும் மாவும் குறையாமல் இருக்கும்படி வேண்டிக்கொண்டு, இங்குள்ளவர்கள் எல்லாருடைய அன்பையும், தனியாக ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டையும் அனுப்பி வைக்கும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
ஞானசிகாமணி.

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் இன்று மதியம் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. முதலாவது, செயலாளர் வந்து, விதியை மாற்றினால் அதை நடத்த ஒரு ஆள் வேண்டுமே என்று சபை நிவாரணக் கமிட்டிக்கு என்னையே தலைவராகப் போட்டுவிட்டுப் போனார். சற்று முன்பு அதற்காக இரண்டு தெரு சுற்றி வந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் பை கொடுக்கிறார்கள் மச்சான், கேட்டால் போதும், ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள்! இதையெல்லாம் விட்டுவிட்டு அரசாங்கத்தை எதற்கு எதிர்பார்க்க வேண்டும்? இரண்டாவது, ஜெயஸ்ரீ அம்மாள் போன் செய்து, சிஸ்டத்தில் தவறாக இறந்துபோன இன்னும் பல பேரைக் கண்டுபிடிக்க முகாமில் தன்னார்வலராக உதவ முடியுமா என்று ஹெப்சியைக் கேட்டிருக்கிறார். அவள் இப்போது இஸ்திரி போட்ட சேலையோடு, "உரிமையை வாங்கித் தர்றதை விட்டுட்டு அரிசிப் பையோட அலையறீங்களே" என்று என்னைத் திட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். சண்டை அப்படியேதான் இருக்கிறது, பக்கம்தான் மாறிவிட்டது. மேலே நான் கேட்டபடி எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதி அனுப்பிவிடாதீர்கள். அனுப்பினால் நான் தோற்றுவிடுவேன்.